மூன்றாம் வளையம்

கடலும் நிலமும் இன்னும் பாகம் பிரித்துக்கொள்ளாத ஓர் இடத்தில், ஓர் ஆசிரியையும் அவரிடம் ஆய்வு செய்ய வந்த பெண்ணும் சேற்றின் மூச்சை அளந்துகொண்டிருந்தார்கள்.

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, அலையாத்திக் காடு முடிந்து உப்பளம் தொடங்குவதற்கு முன்னால் கிடந்தது அந்தச் சதுப்பு. மரம் என்று ஒன்று கிடையாது. முழங்கால் உயரத்துக்கு உமிரிச் செடி, அதன் இடுக்கில் கருஞ்சேறு, சேறு முழுக்க நண்டு வளை. ஏற்றத்தில் கடல் வந்து எல்லாவற்றையும் மூடும். வற்றத்தில் விட்டுவிட்டுப் போகும்.

ஆசிரியையின் பெயர் கமருன்னிசா. அதிராம்பட்டினத்துக்காரர். வயது நாற்பதைத் தொடவில்லை. கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. பல நாள் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவே சொல்வார். கேட்டவர்கள் அதற்குள் கேள்வியை மறந்திருப்பார்கள்.

மாணவியின் பெயர் அஞ்சுகம். அரியலூர்ப் பக்கம், சிமெண்டு லாரி ஓட்டுபவரின் மகள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எதைச் செய்தாலும் இரண்டு தடவை செய்வாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள், பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள்.

இவர்களைப் படகில் கொண்டுபோய்க் கொண்டுவருபவர் தைலம்மை. கையாலேயே நண்டு பிடிப்பவர். முதல் நாளே, அஞ்சுன்னு கூப்பிடட்டுமா என்று கேட்டார். கூப்பிடுங்கக்கா என்றாள் இவள். "எண்ணைச் சொல்றதா, பயத்தைச் சொல்றதான்னு பார்த்தேன். பாத்தா ரெண்டுக்கும் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் தைலம்மை. அன்றிலிருந்து அவள் அஞ்சு.

அளக்கும் முறை எளியது. சேற்றில் ஆறு இடங்களில், ஒரு முழம் அகலமுள்ள பிளாஸ்டிக் வளையங்களைப் பதித்திருந்தார்கள். வளையத்துக்குள் உமிரி தன் பாட்டுக்கு வளரும். வற்றம் வந்ததும் அதன்மேல் ஒளி புகும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து இறுக்கி மூடவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் காற்றைக் குழாய் வழியே ஒரு கருவி இழுத்து, அதில் கரியமில வாயு எவ்வளவு என்று நொடிக்கு ஓர் எண் சொல்லும். ஐந்து நிமிடம் பார்க்கவேண்டும். எண் இறங்கினால் சதுப்பு வாயுவை உள்ளே இழுக்கிறது. ஏறினால் வெளியே விடுகிறது.

இறங்கினால் கழித்தல் குறி போட்டு எழுதுவார்கள். ஏறினால் கூட்டல். காற்றின் பக்கம் நின்று பார்த்து வைத்த வழக்கம் அது. காற்றில் குறைந்தால் கழித்தல். ஆகவே அந்தச் சதுப்பில் கழித்தல்தான் நல்ல செய்தி.

இதை அப்பாவுக்குப் புரியவைக்க அஞ்சுகத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. புரிந்த பிறகு அவர் விடவில்லை. எந்தச் சுங்கச்சாவடியில் லாரி நின்றாலும் போன் போட்டு, இன்னைக்கு மைனஸ் வந்துச்சாம்மா என்று கேட்பார். வந்தது என்றால், பக்கத்து லாரிக்காரரிடம், நம்ம புள்ளைக்கு மைனஸாம் என்று அவர் பெருமையாகச் சொல்வது போனிலேயே கேட்கும். ஒருமுறை அந்த மனிதர், விடுங்கண்ணே, அடுத்த பரீட்சையில பாத்துக்கலாம் என்று ஆறுதல் சொன்னதும் கேட்டது.

ஆவணியில் தொடங்கிய வேலை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று ஆறு வளையத்திலும் கழித்தலாகவே வந்தது. அப்பா மகிழ்ச்சியாக இருந்தார். மழை ஓய்ந்து, கார்த்திகைத் தொடக்கத்தில் மறுபடி சதுப்புக்குப் போன வாரத்தில் மூன்றாம் வளையம் திரும்பிக்கொண்டது.

மற்ற ஐந்தும் இறங்கின. மூன்று மட்டும் ஏறியது. கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை. ஐந்தும் சேர்ந்து இழுப்பதை அது ஒன்றே வெளியே விட்டுவிடும் அளவுக்கு ஏறியது. அதையும் சேர்த்துப் பார்த்தால் சதுப்பு முழுவதுமே கூட்டல் பக்கம் சாய்ந்தது.

முதலில் பெட்டியின் ரப்பரைச் சந்தேகப்பட்டாள். மாற்றினாள். குழாயை மாற்றினாள். கருவியை மற்ற வளையத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அங்கே ஒழுங்காகச் சொன்னது. பிறகு தன் மூச்சைச் சந்தேகப்பட்டாள். மனித மூச்சில் கரியமில வாயு அதிகம் என்பதால், பெட்டி மூடும்போது பக்கத்தில் மூச்சு விடக்கூடாது என்பது விதி. அவள் முகத்தில் இரண்டு முகமூடி போட்டாள். பெட்டியைக் கவிழ்க்கும்போது தலையை வேறு பக்கம் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் வரும்வரை அடக்கினாள்.

தூரத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த தைலம்மை, ஏ அஞ்சு, சேத்துக்கு மூச்சு பாக்க வந்துட்டு நீ மூச்சை விட்டுறாத என்று கத்தினார்.

மூன்றாம் வளையம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

ஆய்வகத்தில் மூத்தவரான தீர்த்தகிரி நல்ல மாதிரி. அவரிடம் கேட்டாள். அவர் எண்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆறில் ஒன்று மட்டும் தனியாகப் போனால் அது கெட்டுப்போன வளையம், அடியில் ஏதாவது நண்டு செத்துக் கிடக்கும், எடுத்துவிடு, எல்லோரும் செய்வதுதான் என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவளுடைய களக்குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்து, இது என்ன டைரியா என்று சிரிக்கவும் செய்தார். அதில் தும்மல் வந்தது முதல் கொக்கு பறந்தது வரை எல்லாம் இருந்தது.

அவள் அறைக்கு வந்து இரண்டு கோப்புகள் செய்தாள். ஒன்றில் ஆறு வளையம். மற்றொன்றில் ஐந்து. ஐந்து உள்ள கோப்பு பார்க்க மிக அழகாக இருந்தது. சதுப்பு சாதுவாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. மறுநாள் காலை ஆய்வுக் குழு கூடுகிறது. குழு ஒப்புக்கொண்டால் அவள் மேலே போகலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஏழு மாதமும் இல்லையென்று ஆகும், வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மாலைக்குள் எண்கள் போய்ச் சேரவேண்டும். வழக்கமாகக் கால்வாயில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் கமருன்னிசா, அன்று தானும் சதுப்புக்கு வருவதாகச் சொன்னார்.

படகில் போகும்போது அஞ்சுகம் கேட்டாள்.

"மேடம், எண் பொய் சொல்லுதா, சேறு பொய் சொல்லுதா?"

கமருன்னிசா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். கழியை ஊன்றிக்கொண்டிருந்த தைலம்மை, சேறு எங்கம்மா பொய் சொல்லும், அதுக்கு வாயா இருக்கு என்றார்.

சதுப்பில் சேற்றை மிதிக்கக்கூடாது. மிதித்தால் உள்ளே அடைபட்டுக் கிடக்கும் வாயு குமிழ்விட்டு வெளியே வந்துவிடும். அதற்காகச் சவுக்குக் கால்களை அறைந்து அதன்மேல் நீளமாகப் பலகை போட்டிருந்தார்கள். பலகையிலிருந்து வளையம் ஓர் எட்டுத் தூரம். பலகையில் ஏறினால் இறங்காமலே ஆறு வளையத்தையும் முடித்துவிட்டு வரலாம்.

அஞ்சுகம் முதல் வளையத்தை முடித்தாள். இறங்கியது. இரண்டாவதை முடித்தாள். இறங்கியது. கமருன்னிசா கரையிலிருந்து, அவள் கையையோ கருவியையோ பார்க்காமல், பொதுவாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவதுக்கு வந்தாள். இரண்டு முகமூடியையும் இழுத்துவிட்டாள். தலையைத் திருப்பிக்கொண்டு பெட்டியைக் கவிழ்த்தாள். கருவியின் சின்னத் திரையில் வெயில் கூசியதால் பலகையின் விளிம்புக்கு வந்து குனிந்தாள். நானூற்று இருபத்தைந்து. நானூற்று இருபத்தொன்பது. நானூற்று முப்பத்தாறு. அவள் இன்னும் குனிந்தாள். ஐந்து நிமிடத்தில் எண் ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். மேடம் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கமருன்னிசா பக்கத்தில் வராமலே சொன்னார்.

"பெட்டியைத் திறந்து காத்தாட விடு. அப்புறம் மறுபடி மூடி, கருவியை ஓட விட்டுட்டு இங்க வந்துரு."

"எண்ணை யார் மேடம் பாக்குறது?"

"அதுவே எழுதி வச்சுக்கும்ல."

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகட்டும்."

ஏழு மாதத்தில் அவள் ஒருநாளும் கருவியைத் தனியாக விட்டதில்லை. பால் அடுப்பில் இருக்கும்போது வீட்டைவிட்டு வெளியே போவதுபோல் இருந்தது. பெட்டியை மூடினாள். குழாயை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். பலகை மேல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து கரைக்கு வந்தாள்.

"பத்து நிமிஷம் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கமருன்னிசா கரைமேல் உட்கார்ந்தார். பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து அவளுக்கு இரண்டு, தைலம்மைக்கு இரண்டு கொடுத்தார். தைலம்மை கொட்டையைத் துப்பிவிட்டு, டீச்சரம்மா ஊர்ல இதுகூட உப்பாத்தான் காய்க்கும்னு நெனச்சேன் என்றார். அஞ்சுகம் பழத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் கண் பெட்டிமேல் இருந்தது. வெயிலில் அது மினுங்கியது. அங்கே எண்கள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன, பார்க்க ஆள் இல்லை.

மூன்று நிமிடம் இருக்கும். அவளுக்கு அதற்குமேல் முடியவில்லை.

"மேடம், எங்கிட்ட ரெண்டு ஃபைல் இருக்கு."

கமருன்னிசா திரும்பவில்லை.

"ஒண்ணுல ஆறு வளையம். இன்னொண்ணுல அஞ்சுதான்."

"எதை அனுப்பறதா இருந்தே?"

"தெரியல மேடம். ரெண்டையும் மெயில்ல ஏத்தி வச்சிருக்கேன். ரெண்டையும் அனுப்பல."

"ரெண்டுலயும் என் பேரைப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் மேடம்."

"சரி."

அஞ்சுகம் அதற்குப் பிறகு வரப்போவதற்காகக் காத்திருந்தாள். கமருன்னிசா கொட்டையைத் தாளில் மடித்துப் பைக்குள் போட்டார். தைலம்மை கால்விரலுக்கு இடையில் இருந்த சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டோம் என்பதே அஞ்சுகத்துக்குப் போதுமாக இருந்தது. பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

பத்து நிமிடம் முடிந்து அவள் பலகைமேல் போய்க் கருவியை நிறுத்தி, எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். திரையை முதலில் பார்க்கவேண்டாம் என்று நினைத்து, பார்த்துவிட்டாள்.

எண்களைக் கருவி ஒரு கோடாக வரைந்திருந்தது. முதல் நிமிடத்தில் கோடு மேலே போயிருந்தது. அவள் பலகைமேல் நடந்து கரைக்கு வந்த நேரம் அது. பிறகு சற்று நேரம் எந்தப் பக்கமும் போகாமல் நின்றிருந்தது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கி, பத்தாம் நிமிடம்வரை இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

அவள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு முகமூடியையும் கழற்றினாள்.

"இறங்குது மேடம்."

"ம். இப்போ போய் நில்லு."

திரும்பவும் காற்றாட விட்டார்கள், திரும்பவும் மூடினார்கள். அவள் பலகை விளிம்பில் நின்றாள். கோடு ஏறியது. அவளை வரச்சொல்லிவிட்டு, கமருன்னிசா செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத் தானே போய் நின்றார். அவர் அவளைவிடப் பருமன். கோடு இன்னும் செங்குத்தாக ஏறியது. கரையிலிருந்து தைலம்மை, மேடத்துக்கு எவ்வளவு வந்துச்சு என்று கேட்டார். கரைக்கு வந்த கருவியை வாங்கிப் பார்த்த அஞ்சுகம் சொல்லத் தயங்கினாள். கமருன்னிசாவே ஐந்நூற்று நாற்பது என்றார்.

"ரேசன் கடைத் தராசுகூட இப்படித் துல்லியமா சொல்லாதும்மா" என்றார் தைலம்மை. பிறகு தானும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு நானூற்று எண்பதுதான் வந்தது. பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு மிச்சத்தைத் தின்னா இவ்வளவுதான் வரும் என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சதுப்பில் அஞ்சுகம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தைலம்மை குனிந்து பலகைக்கு அடியில் உமிரியை விலக்கினார். மூன்றாம் வளையத்துப் பக்கம் இருந்த சவுக்குக் கால் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மழையில் அடிமண் இளகியிருக்கிறது. பலகையின் முனை சேற்றின்மேலேயே படிந்து கிடந்தது. உமிரி வளர்ந்து அதை மூடிவிட்டதால் மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அஞ்சுகத்தை ஏறி நிற்கச் சொன்னார்கள். நின்றாள். குனிந்தாள். வளையத்தின் பக்கத்தில் சேறு இரண்டு குமிழ் விட்டது. அழுகிய முட்டை நாற்றம் வந்தது.

நான்கு மாதமாக அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காலால் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எண் ஏறுவதைப் பார்த்துப் பயந்து, இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று குனியும்போதெல்லாம் எண் இன்னும் ஏறியிருக்கிறது.

வந்த நிம்மதி கொஞ்ச நேரத்தில் கலங்கியது. மூன்றில் இப்படி என்றால் மற்ற ஐந்தில்? ஆவணியிலிருந்தே இப்படியா? எந்த நாள் நல்ல நாள், எந்த நாள் கெட்ட நாள் என்று எப்படிச் சொல்வது? அவள் முகத்தைப் பார்த்தே கமருன்னிசாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வற்றம் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றார்.

மற்ற ஐந்திலும் ஒருமுறை அருகில் நின்றும், ஒருமுறை கரைக்கு வந்தும் அளந்தார்கள். ஐந்திலும் கால்கள் உறுதியாக நின்றன. நின்றாலும் போனாலும் கோடு ஒரே மாதிரி இறங்கியது. ஆறாவதை முடிக்கும்போது கால்வாயில் தண்ணீர் திரும்ப ஆரம்பித்திருந்தது.

"கால் எப்போ இறங்குச்சு?" என்று கமருன்னிசா கேட்டார்.

"தெரியல மேடம்."

"நோட்டைக் கொடு."

அஞ்சுகத்துக்குக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அது டைரி மாதிரி இருக்கும் மேடம் என்றாள். கமருன்னிசா கையை நீட்டிக்கொண்டேயிருந்தார். வாங்கி, ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். தும்மல். கொக்கு. பெட்டி மூட இருபது நொடி தாமதம், கையில் சேறு. அப்பா போன், எடுக்கவில்லை. தைலம்மையக்கா பாட்டு, கருவியைப் பாதிக்காது என்று நினைக்கிறேன். ஓரிடத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்தை அவளிடம் திருப்பிக் காட்டினார்.

நவம்பர் இருபத்தொன்று என்று போட்டிருந்தது. மழைக்குப் பிறகு அவள் வந்த முதல் நாள். "மூன்றில் நிற்கும்போது கால் லேசாகக் கீழே இறங்குவதுபோல் இருந்தது. சரிபார்க்கவேண்டும்." அதற்குக் கீழே, வேறு மையில், மறுநாள் எழுதியது: "பிரமை. எனக்குத்தான் எப்போதும் பயம்."

"யார் சொன்னது பிரமைன்னு?"

"நான்தான் மேடம்."

"அதுக்கு முந்தின நாள் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

கமருன்னிசா நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். அவள் அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். நவம்பர் இருபத்தொன்றுக்கு முன்னால் இருந்த எல்லா நாளும் நல்ல நாள். மூன்றாம் வளையமும் அதுவரை நல்ல வளையம்தான். அதற்குப் பிறகும் ஐந்து வளையங்கள் அப்படியே நிற்கின்றன. ஏழு மாதம் எங்கேயும் போகவில்லை. மனதுக்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பழக்கப்படி இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தாள்.

தைலம்மை படகை இழுத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் உமிரியின் அடியைத் தொட்டுவிட்டது. படகு கால்வாய்க்குள் திரும்பியதும் சிக்னல் வந்து போன் அடித்தது. அப்பா. விராலிமலைப் பக்கம் நிற்பதாகச் சொன்னார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நாலு மாதமாக அவள் அந்தப் பேச்சை வேறு பக்கம் திருப்புவதைக் கவனித்து, பிள்ளை சங்கடப்படும் என்று அவராகவே நிறுத்தியிருந்தார். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார்.

"மைனஸ்தாம்ப்பா" என்றாள் அவள். "கார்த்திகையில இருந்தே மைனஸ்தான் போலருக்கு. நான்தான் பாக்கல."

அந்தப் பக்கம் லாரி இரைச்சலுக்கு நடுவே அவர் யாரிடமோ எதையோ சொல்வது கேட்டது. இந்தத் தடவை யாரும் ஆறுதல் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு மேடத்தைக் கேட்டு, அதே படகில் இரண்டு கோப்புகளையும் மெயிலிலிருந்து எடுத்தாள். மூன்றாவதாக ஒன்று மாலைக்குள் செய்து அனுப்புவதாகச் சொன்னாள். மூன்றாம் வளையம் நவம்பர் இருபது வரைக்கும் இருக்கும், அதற்குப் பிறகு ஏன் இல்லை என்பதையும் எழுதிவிடுவேன், பலகையையும் எழுதுவேன், மூன்று பேர் நின்று பார்த்ததையும் எழுதுவேன் என்றாள். என் எடையைப் போட்டுறாத என்றார் தைலம்மை. கமருன்னிசா தலையசைத்தார்.

படகு கொஞ்ச தூரம் போயிற்று. ஏற்றம் வந்துகொண்டிருந்ததால் கழி ஊன்றும் சத்தம் மாறியிருந்தது. அஞ்சுகம் நோட்டைத் திறந்து, நவம்பர் இருபத்தொன்றிலிருந்து இருந்த பக்கங்களை எண்ணினாள். முப்பத்தெட்டு நாள். முப்பத்தெட்டு நாளும் மூன்றாம் வளையம் என்று தலைப்புப் போட்டு, கட்டம் கட்டி, ஒரு எண்கூட விடாமல் எழுதியிருந்தாள். எல்லாம் கூட்டல்.

"மேடம், இதெல்லாம் பொய்தானே. அழிச்சிடட்டுமா?"

வழக்கமாக அவர் பதில் சொல்லப் பல நாள் ஆகும். இதற்கு உடனே பேசினார்.

"இந்த முப்பத்தெட்டு நாளும் நீ அங்க போனியா?"

"போனேன் மேடம்."

"பலகை மேல நின்னியா?"

"நின்னேன்."

"எண்ணை உள்ளபடி எழுதினியா?"

"எழுதினேன் மேடம். எல்லாத்தையும்."

"அப்புறம் இதுல பொய் எங்க இருக்கு?"

அஞ்சுகம் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தினாள். தைலம்மையும் கழியை ஊன்றாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். படகு தன் போக்கில் மிதந்தது.

கமருன்னிசா தன் சட்டைப்பையில்லாத அங்கியில் பேனாவைத் தேடி, கடைசியில் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்.

"தலைப்பை மட்டும் மாத்து. 'மூணாவது வளையம்'னு இருக்குல்ல. அதை அடிச்சிட்டு 'அஞ்சுகம்'னு எழுது."